எப்போது தண்ணீர் கொடுக்கலாம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் நர்சிங் ஆராய்ச்சியில் எதை முதலில் எடுப்பது என்று எங்களிடம் கருத்துக் கேட்க, சென்னையிலிருந்து ஒரு மேடம் ராஜபாளையத்துக்கு வந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆளுக்கு ஒரு கேள்வி சொல்ல வேண்டும். தேறுவது டெல்லிக்குப் போகும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போன நர்சுகளில் நானும் ஒருத்தி. வார்டில் கத்தினாலே யாரும் காதில் வாங்குவதில்லை, டெல்லியில் இருப்பவர்கள் கேட்கப்போகிறார்களாக்கும் என்ற எரிச்சலோடுதான் போனேன். ஆனாலும் என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை இறக்கி வைக்க இடமில்லாமல் பல வருஷமாகத் திரிந்துகொண்டிருந்தேன்.

ஒருத்தி படுக்கைப்புண் என்றாள். இன்னொருத்தி ஆள் பற்றாக்குறை என்றாள், நல்ல கைதட்டல். அதற்கு ஆராய்ச்சி எதற்கு, ஆளைப் போட்டால் போதாதா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தேன்.

"ஆபரேஷன் ஆனவங்களுக்கு எப்பத் தண்ணி குடுக்கலாம்? பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச பொறவும் ஏன் குடுக்கக் கூடாது?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த தோழி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உக்காரு. வேற நல்லதாச் சொல்லு."

நான் உட்காரவில்லை. எதனால் இந்தக் கேள்வி என்று மேடம் கேட்டார். சொன்னேன்.

எண்பதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சேத்தூர்க்காரர், மில் தொழிலாளி, குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. வாய்வழியாக எதுவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மயக்கம் தெளிந்ததிலிருந்து அவர் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "சிஸ்டர், நாக்க மட்டும் செத்த நனைச்சு விடுங்க." ஈரப்பஞ்சை உதட்டில் வைத்தால் பஞ்சையே உறிஞ்சப் பார்ப்பார். அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அவியளுக்குக் குடுக்கலாமா, சிஸ்டர்?" என்பாள். இப்ப முடியாதும்மா என்பேன்.

சீழ் உடம்பெல்லாம் பரவிவிட்டது. இனி நம்பிக்கையில்லை என்று ஒரு காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் பற்றிய உத்தரவை அவர் எடுக்கவில்லை; எடுக்க வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவும் இல்லை. மத்தியானம் சேத்தூர்க்காரர் இறந்துபோனார். தண்ணீர் குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் சாகக் கிடப்பவன் பகையாளியென்றாலும் வாயில் ஒரு சொட்டு விடுவார்கள். இவர் தாகத்தோடு போனார்.

அவர் கண்களை மூடிவிட்டு நிமிர்ந்தேன். மனைவி அழவில்லை. டம்ளரோடு எழுந்து நின்று கேட்டாள்.

"இப்பக் குடுக்கலாமா, சிஸ்டர்?"

குத்தலாக அல்ல. நிஜமாகவே அனுமதி கேட்டாள்.

அதற்குப் பிறகு வார்டில் வைத்து என்னால் தண்ணீர் குடிக்க முடிந்ததில்லை. வீட்டில் குழாயைத் திறந்தால்கூட, யாரோ பின்னால் வந்து நின்று பதிலுக்குக் காத்திருப்பது போலிருக்கும். திரும்பிப் பார்க்கப் பயம். இத்தனை பிணம் பார்த்த எனக்கு அப்படியொரு பயம்.

மேடம் நல்ல மனுஷிதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு, சிஸ்டர். ஆனா இது டாக்டருங்க கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. நம்ம ஆராய்ச்சியில வராது" என்றார்.

"அவ டாக்டர்ட்ட கேக்கலையே, மேடம்" என்றேன். "என்னையத்தான கேட்டா."