தோளைத் தட்டியவர்

"...வீட்டுல எம் மக வாய அடைக்க ஆளில்ல. பள்ளிக்கூடத்துல ஊமையாம்! எந்தப் பிள்ளைய நான் நம்ப?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தோளைத் தட்டினார். பேச்சுக்குப் பேச்சு பக்கத்து ஆளின் தோளைத் தட்டுவது அவர் வழக்கம். வாலிநோக்கம் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி, முறுக்கிய மீசை, கம்மாய்க்கு அக்கரையில் நிற்பவனையும் திரும்பவைக்கிற குரல்.

ஏழாம் வகுப்பு மகள் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை, இந்த வருஷம் தேறுவது கஷ்டம் என்று வாத்தியார் ஆள் அனுப்பியிருந்தார். என் மகனுக்காக நானும் பள்ளிக்கூட வராந்தாவில் காத்திருந்தேன்.

"பெரியவுக முன்னால வாயத் தொறக்காத, தலையக் குனிஞ்சு நில்லுன்னு நாந்தான் சொல்லி வளத்தேன். பதில் சொல்றது மருவாதியா, சொல்லாதது மருவாதியா? வெளங்கலண்ணே." மறுபடியும் ஒரு தட்டு.

"இன்னைக்கு வாத்தியார்ட்டயே கேட்டுப்புடுறேன், பாருங்க."

வாத்தியார் வந்தார், வயதில் இவரைவிடச் சின்னவர். "உங்க மக வீட்டுலயும் இப்படித்தானா? பேசவே மாட்டாளா?" என்றார்.

சம்சாரி எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் பதிலுக்குக் காத்து நின்றார். தலை நிமிராமலே, சம்சாரி கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.