புறங்கை பார்க்கும் சூடு

லாரிக் கதவைத் திறந்ததும் அவர் முதலில் செய்வது மோந்து பார்ப்பதுதான். என்ன கோளாறு என்று டிரைவரைக் கேட்க மாட்டார். படியில் ஒரு காலை வைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுப்பார். வெளியே வந்து, "எதுவோ வெந்திருக்கு" என்பார். இல்லையென்றால், "வண்டி நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் மனசு சரியில்ல" என்பார். டிரைவர்கள் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் அண்ணே, முதுகுக்குப் பின்னால் மோப்பம். அவருக்கும் தெரியும். போனை எடுக்கும்போதே, "மோப்பம்தான் பேசுறேன், சொல்லு" என்று எதிர்முனையைத் திணறடிப்பார்.

அவருடைய ஷெட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. மெஷின் ஓடாத நேரத்தில் எனக்கு அவரைப் பார்ப்பதுதான் வேலை. மெஷின் ஓடும்போதும் அதேதான் என்று என் மனைவி சொல்வாள்.

லாரிகளுக்குக் கூடுதல் ஃபியூஸ் பெட்டி போடுவது அவர் தொழில். கம்பெனியிலிருந்து இறங்கும்போது லாரியில் ஒயரெல்லாம் அளவாகத்தான் இருக்கும். டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? முன்னால் நாலு விளக்கு, பின்னால் கேமரா, படுக்கைக்கு ஒரு ஃபேன், பாட்டுப் பெட்டி, குட்டி ஃபிரிட்ஜ் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். அத்தனையையும் கைக்குக் கிடைத்த ஒரே ஒயரில் ஒட்டுப்போட்டு, மேலே டேப்பைச் சுற்றிவிட்டு, பெரிய இன்ஜினியர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்கள். இவர் அந்தச் சிக்கலைப் பிரித்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றைத் தனியாக இழுப்பார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பெரிய ஃபியூஸ். கேபினுக்குள் கையடக்கப் பெட்டி ஒன்று. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் தனி ஃபியூஸ், தனி ஒயர். கடைசி இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார்.

"அது எதுக்குண்ணே காலியா கிடக்கு?"

"நாளைக்கே நீ எதையாவது வாங்கிட்டு வந்து பல்லைக் காட்டுவியே, அதுக்கு."

சொல்பேச்சு கேட்காத டிரைவரிடம் அவர் வாதாட மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியிடம் பேசுவார். "ஏம்மா, உன் வயித்துல இவன் இன்னும் என்னென்ன கட்டப்போறானாம்? நீயாவது கேளு" என்பார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வழிக்கு வந்துவிடுவான். ஃபியூஸ் என்ன பெரிய ஃபியூஸ், போனால் வேறு மாட்டினால் போச்சு என்று நான் ஒருமுறை உளறிவிட்டேன். "ஃபியூஸு விளக்கைக் காப்பாத்த இல்லய்யா, ஒயரைக் காப்பாத்த. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதுக்குத்தான் ஃபியூஸு. பெருசா மாட்டினா அது செத்துப்போகாது, ஒயர்தான் சாகும்" என்றவர், அன்று என்னோடு டீ குடிக்க வரவில்லை.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொல்வார். எல்லாம் ஓடும்போதே டீ குடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு ஒயராகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும். ஏன் புறங்கை என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்த்து, சுட்ட தழும்புகளோடு கறுத்துக் கிடந்தது. "இந்தப் பக்கம் செத்துப்போச்சு. அந்தப் பக்கத்துக்குத்தான் இன்னும் உயிர் இருக்கு."

ஊரையே அதட்டுகிற இந்த மனிதருக்கு மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் வாய் வராது. மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி. கல்யாணம் ஆனதிலிருந்து மகளும் லாரியிலேயே கூடப் போகிறாள். மாப்பிள்ளை ஓட்ட, இவள் பின்னால் இருக்கும் பலகையில் தூங்குவாள். விழித்திருந்தால் வழி சொல்வாள். கல்யாணப் பேச்சு நடந்தபோதே, "வண்டிக்கு ஒரு பெட்டி போட்டுத் தர்றேன் மாப்பிள்ளை" என்று இவர் சொல்லியிருக்கிறார். "எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்" என்று மாப்பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டார். மாமனார் தயவில் ஓடுகிற வண்டி என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதாம். இதை என்னிடம் சொன்னபோது இவருக்குக் கோபம் வரவில்லை. "ரோஷக்காரப் பிள்ளை" என்று மெச்சிக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் லோடு ஏற்றப் போகிற வழியில் மகளும் மாப்பிள்ளையும் ஷெட்டுக்கு வந்தார்கள். நானும் டீயோடு அங்கே போய் நின்றேன். கூப்பிடாமலே போவது என் வழக்கம்.

"வாங்க மாப்பிள்ளை. வண்டியில எதுவும் தொந்தரவு இல்லையே?"

"முன்னாடி ஃபியூஸ் அடிக்கடி போய்ட்டிருந்துச்சு மாமா. இப்ப சரியாயிடுச்சு."

சரியாயிடுச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த டம்ளர் நின்றுவிட்டது. எப்படிச் சரியாயிற்று என்று கேட்க வாயெடுத்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார். அப்போதுதான் மகள், பேச்சோடு பேச்சாக, "அப்பா, இப்பல்லாம் வண்டியில படுத்தா முதுகுக்குக் கதகதன்னு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? குளிரே தெரியல. எஞ்சின் சூடு போல" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். யாரையும் எதுவும் கேட்காமல் லாரியில் ஏறினார். முதல் தடவையாக அவர் மோந்து பார்க்காமல் ஏறியதைப் பார்த்தேன். "இருக்கட்டும் மாமா, நேரமாச்சு" என்று மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

பலகை மேலிருந்த மெத்தையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நின்றார். அடியில் ஓடிய ஒயரின் தோல் இளகிப் பலகையோடு ஒட்டியிருந்தது. மெத்தையின் அடிப்பக்கம் பாதி தூரத்துக்குப் பழுப்பேறி, தலைமாட்டில் கருகியிருந்தது. குனிந்து ஃபியூஸைப் பிடுங்கினார். ஃபியூஸ் எரிந்துபோனாலும் கரன்ட் ஓடட்டும் என்று அதைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.  இந்த மனிதர் இப்போது மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். பிடித்தால் நான் விலக்கியிருக்க மாட்டேன்.

அவர் லாரியின் கூரையைப் பார்த்துத்தான் பேசினார்.  "ஏம்மா, இத்தனை நாளும் நீ பொறுத்துக்கிட்டியே. என் பொண்ணு உன் மடியிலதானே படுத்திருந்தா. நீ நல்லா இருக்கணும்."

மாப்பிள்ளை மெத்தையில் இருந்த கருகலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. அந்த விரலையும் லாரிக் கதவருகே நின்ற மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஃபியூஸ் போகாம இருந்தா நல்லதுன்னு நெனச்சிட்டேன் மாமா."

"ம்."

"பெட்டி போட்டுடுங்க. லோடு காத்திருக்கட்டும். நான் லைட் பிடிக்கிறேன்."

அவர் பழைய ஒயரையெல்லாம் வெட்டி எடுத்துப் புதிதாக இழுத்து முடிக்கும் வரை மாப்பிள்ளை கைவிளக்கை இறக்கவே இல்லை. வெளிச்சம் விலகும்போது மட்டும் மாமனார், "இடது பக்கம் கொஞ்சம் காட்டுங்க மாப்பிள்ளை" என்பார்.  மகள் அந்த மெத்தையைத் தெருவோரம் தூக்கிப் போட்டுவிட்டு, புதிது ஒன்று வாங்கி வந்து விரித்தாள். பெட்டியில் கடைசி இடம் காலியாக இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை.

விளக்கு, ஃபேன், கேமரா, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடின. டீ வந்தது; அவர் குடிக்கவில்லை. ஒவ்வொரு ஒயராகப் புறங்கையை வைத்துப் பார்த்தார். எல்லாம் குளிர்ச்சியாக இருந்தன. பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கினார்.

இறங்குவார் என்று நாங்கள் வழிவிட்டு நின்றோம். அவர் பின்பக்கம் நகர்ந்து, மகள் தலை வைத்துப் படுக்கிற இடத்தில், விரிப்பை நீவிவிட்டுப் புறங்கையை வைத்தார். அங்கே இப்போது எந்த ஒயரும் இல்லை.

"அப்பா, ஜில்லுன்னுதான் இருக்கு" என்றாள் மகள்.

"ம்" என்றார். கையை எடுக்கவில்லை.