விளிம்பு வரைக்கும்

நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டால் மிஞ்சுகிற கரி, அதிக அழுத்தத்தில் எவ்வளவு வேகமாக எரியும் என்பதுதான் டில்லியில் நான் செய்த ஆராய்ச்சி. இரும்புக் கலத்துக்குள் சின்னக் கிண்ணத்தில் கரித்தூளைத் தொங்கவிட்டு, சூடேற்றி, காற்றைத் திணித்து, எடை குறைவதை அளக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினாலும் வேகம் கூடவில்லை. அதற்கேற்ற சமன்பாடுகளை எழுதினேன். கணக்கும் பொருந்திவிட்டதா, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் எல்லார் முன்னிலையிலும் பேச வேண்டிய நாளில், அக்காவும் அத்திம்பேரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மடியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மைசூர்பாகுப் பெட்டி, காலனிக்கு விநியோகம் பண்ண.

நான் முடித்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "கிண்ணத்தில் கரியை எவ்வளவு உயரத்துக்குப் போட்டீர்கள்?"

"விளிம்பு வரைக்கும்" என்றேன். எடை கூடுதலாக இருந்தால் தராசு ஆடாமல் காட்டும் என்று விளக்கம் வேறு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. அங்கீட்டி அடுப்பில் கரியை நெருக்கிக் கொட்டினால் மேலே மட்டும் சிவக்குமே, அதே கதை. அழுத்தத்தில் காற்று அதிகம்தான். ஆனால் தூளுக்குள் அது பரவுவது அந்த அளவுக்கு மெதுவாகிவிடும். நான் அளந்தது கரி எரியும் வேகத்தை அல்ல, காற்று உள்ளே போகும் வேகத்தை.

"முதலிலிருந்து அளக்க வேண்டும்" என்று என் கைடு அறிவித்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பேச்சு முடிந்தது என்று நினைத்து அத்திம்பேர் கைதட்டினார், அவர் மட்டும் தனியாக. அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு சர்தார்ஜி என்னைக் கட்டிக்கொண்டார். "முபாரக் ஹோ, டாக்டர் சாப்! மிட்டாய் பஹுத் அச்சீ தீ!" என்று வாழ்த்தி, இனிப்பையும் புகழ்ந்தார். கூட நின்றவர்களும் கை குலுக்கினார்கள். கூனிக்குறுகிப் போனேன். பஸ்ஸை விட்டுவிட்டு, சண்டை போடவே வீட்டுக்குத் திரும்பினேன்.

"உனக்குத்தான் புரிஞ்சுதே அக்கா, மைசூர்பாகை எதுக்குக் குடுத்தே?"

"பெட்டியும் கையுமாப் போனதை எல்லாரும் பாத்தாளே. அப்படியே திரும்பி வந்தா என்னன்னு சொல்றது?" என்னைப் பார்க்காமல் பாலை இறக்கினாள். "ஜல்தியா நெஜமாவே டாக்டராயிடுடா. என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதே."

அன்று கிண்ணத்தின் அடி தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தூவினேன். பாதி வெளியே கொட்டியது; துடைத்துவிட்டு மறுபடி தூவினேன்.