ஆக்சிலேட்டரில் என் கால்

கடலோர ஊரான தஞ்சோங் காராங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நரைத்த மீசை, தூங்காமல் சிவந்த கண். தெற்கே ஜொகூரிலிருந்து வடகோடியில் இருக்கும் கங்காருக்கு, மகள் கல்யாணத்துக்குப் போகிறாராம். கார் மேடு ஏறாது என்று கடலோர ரோட்டைப் பிடித்திருக்கிறார். வந்தவர் எஞ்சினை நிறுத்தவே இல்லை.

"சூட்டுல நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது தம்பி. மூஞ்சி கழுவிட்டு வரேன், ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சிக்கிட்டு உட்காரு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே!"

"யாரு ஓட்டச் சொன்னா? மிதிச்சா போதும்லா."

மிதித்தேன். முகம் கழுவியவர் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார். எஞ்சின் அணைந்தால் கல்யாணம் போச்சே என்று காலை எடுக்காமல் இருந்தேன். கால் மரத்தது, முதலாளி கத்தினார். தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை.

விழித்தவர், "அட, இன்னும் ஓடுதா!" என்று ஏறிப் போய்விட்டார்.

முதலாளி கடைச் சாவியைக்கூட என்னிடம் தந்ததில்லை. அந்த மனிதர் என்னை நம்பித்தான் தூங்கினாரா, வெறும் அசதியா, இன்றுவரை தெரியவில்லை.