கேற்றுக் காசும் கனடா நேரமும்

சுருவில் பக்கம் போகேக்க ஒரு வீட்டுக் கேற்றைக் கண்டால் எனக்கு இப்பவும் விசர்தான் வரும். கேற்றில ஒரு பிழையும் இல்லை. நான் செய்த கேற்றில பிழை இருக்க ஏலாது. ரெண்டு கதவு, கதவுக்கு ஒரு மயில், ஒண்டை ஒண்டு பாத்தபடி. பிழை முழுக்க அதுக்கான காசு வந்த வழியில.

நான் புளியங்கூடலில வெல்டிங் வேலை செய்யிறன். கேற், யன்னல் கம்பி, தண்ணித் தாங்கி வைக்கிற ஸ்டாண்ட், ஆர் எதைக் கேட்டாலும் ஒட்டிக் குடுப்பன். முதலாளியும் நான்தான், வேலையாளும் நான்தான், காசு கேட்டு அலையிறவனும் நான்தான். முதல் ரெண்டும் எனக்கு நல்லா வரும். மூண்டாவதுக்குப் போனால் வாய் எழும்பாது. வீட்டை திரும்பி வந்த பிறகுதான் கேக்கவேண்டியதெல்லாம் ஞாபகம் வரும், அதை மனுசியிட்டைக் கத்துவன். அவ என்ன செய்தவ, பாவம்.

அந்த வீட்டுக்காரர் கனடாவில. சுருவிலில இருக்கிறது அவற்ற தமக்கை மட்டும். தம்பி கோயில் திருவிழாவுக்கு வரமுதல் கேற் போடவேணும் எண்டு அக்கா சொல்லிவிட்டா. தந்த அட்வான்ஸ் பெயின்றுக்கும் காணாது. இரும்பு விக்கிற விலையில நான் என்ன செய்யிறது? மனுசியின்ர ரெண்டு காப்பையும் கொண்டுபோய் ஊர்காவற்றுறையில பாங்கில அடகு வைச்சன். கேற் போட்ட அண்டைக்கே காசு வரும், அடுத்த நாள் காப்பு கையில எண்டு சொன்னன். மனுசி என்னைப் பாத்துப்போட்டு வெறுங்கையைத் தடவினா.

அது எங்கட கலியாணத்துக்கு மாமி போட்ட காப்பு. மாமி நெடுந்தீவில இருக்கிறா. வேலணையில சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம் வருது, அதுக்கு வந்து எங்களோட நிக்கப்போறா. சண்டை பிடிக்கிற மாமி எண்டால் பரவாயில்லை, நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லுவன். இவ ஒண்டும் சொல்லமாட்டா. மகளின்ர வெறுங்கையைப் பாப்பா, பிறகு என்ர முகத்தைப் பாப்பா. அதை நினைக்க எனக்குச் சோறு இறங்காது.

அதுவரைக்கும் வாட்ஸ்அப்பில மாமி முகம் பாத்துக் கதைக்க எடுத்தால், மனுசி ஓடிப்போய் என்ர நீட்டுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருப்பா. வெக்கை கொழுத்துது, இவ மணிக்கட்டு மட்டும் பொத்தான் பூட்டிக்கொண்டு இருக்கிறா. "என்ன பிள்ளை, காய்ச்சலோ?" எண்டு மாமி கேப்பா. "ஓமம்மா, கொஞ்சம்" எண்டு இவ இருமிக் காட்டுவா. காய்ச்சலுக்கு ஏன் இருமுறாய் எண்டு நான் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு தலையில அடிப்பன்.

கேற்றைக் கொண்டுபோய்ப் போட்டன். அக்கா வந்து தலையை அந்தப் பக்கம் சரிச்சுப் பாத்தா, இந்தப் பக்கம் சரிச்சுப் பாத்தா.

"தம்பி, இது கோழியோ?"

"மயில், அக்கா. தோகை இருக்குத்தானே."

"கோழிக்கும் வால் இருக்குத்தானே."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அவ போனைத் தூக்கித் தம்பிக்காரனுக்குக் காட்டினா. கனடாவில இருந்து அவரும் "கோழி மாதிரித்தான் கிடக்கு" எண்டார். அதோட விட்டாவோ? றோட்டால மீன் பெட்டியோட போன சைக்கிள்காரனை மறிச்சு அவனிட்டையும் கேட்டா. அவன் கால் ஊண்டி நிண்டு, நல்லா யோசிச்சு, "வான்கோழி" எண்டு சொல்லிப்போட்டுப் போனான். உனக்கு மீன் விக்காமல் போக! என்ர செலவில கம்பி வாங்கி ரெண்டு தோகையையும் நிலம் தொட நீட்டிவிட்டன். நாட்டில ஒரு மயிலுக்கும் இப்ப அவ்வளவு தோகை இல்லை. கேற்றைத் திறந்தால் மண்ணைக் கூட்டிக்கொண்டு போகுது.

"காசு, அக்கா?" எண்டு மெல்லக் கேட்டன்.

காசு அலுமாரிக்குள்ளதான் கிடக்குதாம். ஆனால் தம்பிக்காரன் "குடு" எண்டு வாயால சொல்லவேணுமாம். அவர் சொல்லுற நேரமும் நல்ல நேரமா இருக்கவேணும், இவ குடுக்கிற நேரமும் நல்ல நேரமா இருக்கவேணும். அண்டைக்குச் செவ்வாய். செவ்வாயும் வெள்ளியும் வீட்டால காசு வெளிக்கிடக்கூடாது. சரி, அது எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், திரும்பி வந்திட்டன்.

புதன் விடியப் போனன். "அவனுக்கு அங்க இன்னும் செவ்வாய், தம்பி" எண்டா.

அவற்ற செவ்வாய் முடிஞ்சு, அவர் படுத்து எழும்ப, எங்களுக்குப் பின்னேரம். எழும்பினவர் குளிச்சுச் சாமி கும்பிட்டு முடிய இஞ்ச விளக்கு வைச்சாச்சு. விளக்கு வைச்ச பிறகும் காசு வெளிக்கிடாது. வியாழன் பின்னேரம் வெள்ளெனவே போய் நிண்டன், அங்க எமகண்டம். எமகண்டம் முடிய அவர் வேலைக்குக் கார் ஓடுறார். வெள்ளியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. சனி எங்களுக்கு விடிய அங்க வெள்ளி இன்னும் போகாமல் நிக்குது. உலகம் உருண்டை எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை. அதால இரும்பு ஒட்டுறவனுக்கு என்ன நட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

இப்பிடியே கிழமைக் கணக்கில இழுபட்டுது. கடைசியில அவர் வாறார் எண்டு கேள்விப்பட்டன். திங்கள் காலமை கட்டுநாயக்கா எயாப்போட்டில இருந்து வான் வந்து சேருமாம். புதன் அந்த வேலணைக் கலியாணம். செவ்வாய் மாமி வாறா. திங்கள் காசு வாங்கினால் காப்பு, இல்லையெண்டால் செவ்வாய் வாங்கவும் ஏலாது, மாமிக்கு முகம் காட்டவும் ஏலாது. விடியவே போய்க் கேற்றடியில நிண்டன்.

வான் வந்துது. வரேக்க ஏழரை தாண்டியிட்டுது. திங்கள் ஏழரையில இருந்து ஒம்பது மட்டும் ராகுகாலம். அக்கா ஆலாத்தித் தட்டோட உள்ளுக்க நிக்கிறா, கேற் பூட்டிக் கிடக்கு.

"ஒம்பது மணிக்குத்தான் உள்ள வரலாம், வானுக்குள்ளயே இரு தம்பி" எண்டு அங்க நிண்டு கத்தினா.

அவர் இருக்கேல்லை. இறங்கி ஒரு காலில நிண்டார், பிறகு மற்றக் காலில நிண்டார். நெத்தி முழுக்க வேர்வை. வாற வழியில இரவு எந்தக் கடையிலயோ கொத்துரொட்டி சாப்பிட்டவராம். "அக்கா, கக்கூசுக்குப் போகவேணும்" எண்டார். "பொறு" எண்டா அக்கா. பக்கத்து வீட்டை போகலாம் எண்டால், அவையோட வேலிச் சண்டை, முகம் பாக்கிறேல்லை. பனங்காணிக்குள்ள ஒதுங்கலாம் எண்டால், பஸ்ஸுக்கு நிக்கிற சனம் முழுக்கக் கனடாக்காரரைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. வெள்ளைக் காற்சட்டை வேற.

எனக்குச் சிரிப்பு வந்துது, பாவமாவும் இருந்துது. அப்ப பாத்து எங்க இருந்தோ வாய் எழும்பிச்சுது.

"அண்ணை, உங்கட கைமணிக்கூட்டில இப்ப என்ன நேரம்?"

பாத்தார். இன்னும் மாத்தேல்லை. "பத்து மணி. இரவு" எண்டார்.

"அப்ப உங்களுக்கு இன்னும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் பின்னேரமே முடிஞ்சுது. இவ்வளவு நாளும் என்ர காசுக்குக் கனடா நேரம் பாத்தனீங்கள், கக்கூசுக்கு மட்டும் ஏன் எங்கட நேரம்?"

அவர் என்னைத் தெய்வத்தைப் பாக்கிற மாதிரிப் பாத்தார். திரும்பிக் கேற்றைப் பிடிச்சு உலுப்பினார். "அக்கா, திற! நான் கனடா நேரத்தில வாறன்!"

திறந்ததுதான் தெரியும், ஆள் பறந்துபோச்சு. பின்னால அக்கா ஆலாத்தித் தட்டோட, "நில்லடா, ஒரு சுத்தாவது சுத்துறன்" எண்டு ஓடுறா. வான்காரன் ஸ்ரேறிங்கில தலையை வைச்சுச் சிரிச்சான்.

நான் கேற்றடியை விட்டு அசையேல்லை. கொஞ்ச நேரத்தால முகம் தெளிஞ்சு வந்தார்.

"அண்ணை, இன்னும் ஞாயிறுதான்" எண்டன்.

அவருக்கு விளங்கியிட்டுது. வெக்கப்பட்டுச் சிரிச்சார். "அக்கா, அந்தக் காசைக் குடு" எண்டார். ராகுகாலத்தில அலுமாரியைத் தொடமாட்டன் எண்டு அவ கதிரையில இருந்திட்டா. அவரே போய்த் திறந்து, எடுத்துக்கொண்டு வந்து முழுக்காசையும் என்ர கையில தந்தார். தந்துபோட்டுக் கேற்றை நிமிந்து பாத்து, "நேரில பாக்க மயில்தான்" எண்டார். நான் காசைப் பொக்கற்றுக்குள்ள வைச்சன். மோட்டார் சைக்கிளை எடுத்தன்.

பாங்கு திறக்கேக்க வாசலில நான்தான் முதல் ஆள். காப்பை மீட்டு வந்து மனுசியின்ர கையில போட்டன். "ராகுகாலத்தில வாங்கின காசோ?" எண்டு அவ ஒருக்காக் கேட்டா. கனடா நேரத்துக் காசு எண்டன். கையை நீட்டி நீட்டிப் பாத்துச் சிரிச்சா.

மத்தியானம் வேலிப் படலை திறந்த சத்தம் கேட்டுது. பாத்தால் மாமி! செவ்வாய் வாற ஆள் திங்களே வந்து நிக்கிறா. குறிகட்டுவானில வள்ளத்தால இறங்கி, அங்க இருந்து பஸ்ஸில நிண்டபடி வந்தவவாம், மூச்சு வாங்குது. உள்ள வந்ததும் வராததுமா மகளின்ர கையைப் பிடிச்சுக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எப்ப மீட்டனீங்கள்?"

மனுசி கையை இழுத்து மறைக்கப் பாத்தா.

"இந்த வெக்கையில நீட்டுக்கைச் சேட்டு ஏன் போடுறாய் எண்டு தெரியாத விசரியோ நான்?" எண்டு சொல்லிக்கொண்டு, இடுப்பில செருகியிருந்த கைலேஞ்சியை எடுத்து முடிச்சை அவிட்டா. உள்ளுக்க காசு. வளத்த ரெண்டு ஆட்டையும் வித்திருக்கிறா. "நாளைக்குத்தான் வர இருந்தனான். நாளைக்குச் செவ்வாய், காசு குடுக்கக்கூடாது. அதுதான் இண்டைக்கே வெளிக்கிட்டனான்."

மனுசி அழத் தொடங்கியிட்டா. "மீட்டாச்சு மாமி, காசு வேண்டாம்" எண்டு ஒருமாதிரிச் சொன்னன்.

மாமி என்ர முகத்தைப் பாத்தா. கைலேஞ்சியோட அப்பிடியே என்ர கையில வைச்சா. "அடுத்த கேற்றுக்கு இரும்பு வாங்குங்கோ தம்பி" எண்டா. "பிள்ளையின்ர கையில இருக்கிறதைக் கழட்டாதேங்கோ."