சென்ட்ரிங் மேசை

எங்கள் வீட்டிலிருந்த எல்லாப் பொருளுக்கும் எங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. மின்விசிறி ராஜகீழ்ப்பாக்கத்தில் யார் வீட்டிலோ சுற்றிவிட்டு வந்தது. பீரோக் கதவில் யாரோ ஒரு பெண்குழந்தை ஒட்டிய பட்டாம்பூச்சிகள் இருந்தன. எல்லாம் அம்மா வேலை பார்த்த அடுக்குமாடி வீடுகளிலிருந்து படியிறங்கி, செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவை. அம்மாவுக்கு இதில் குறையே கிடையாது, பெருமைதான். ஒரு உப்புத்தாளும் பாதி டப்பா பெயின்ட்டும் கையில் இருந்தால் எதையும் வேறொன்றாக்கிவிடுவாள். எங்கள் பாத்திர அடுக்கு ஒரு காலத்தில் யாருடைய குழந்தையையோ தாலாட்டிய தொட்டில்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், அம்மா வேலை பார்த்த வீட்டு டீச்சர் பெருங்களத்தூரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனார். போகும்போது தன் டிரெஸ்ஸிங் டேபிளையும் அதன் ஸ்டூலையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்குப் படிக்கிற மேசை ஆகிவிடும் என்று அம்மா முடிவுசெய்தாள். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்பதால் மேசை கட்டாயம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த டேபிளின் விளிம்பு முழுக்க ரோஜாப்பூக்கள். இழுப்பறையைத் திறந்தால் பவுடர் வாசனை. தெருப் பையன்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குக் கவலை. அப்பாதான் பேசினார்.

"என் புள்ளைக்கு இன்னொருத்தர் வூட்டு மேசை வேணாம். புது மரத்துல நானே செஞ்சு தரேன்."

"நீயா? மேசையா?" என்றாள் அம்மா. இவ்வளவு நல்ல மேசையை வேண்டாம் என்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் முணுமுணுத்தாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அதைத் தாங்கப் பலகையடித்துப் பெட்டி கட்டுவார்களே, அந்த வேலை. கான்கிரீட் இறுகியதும் பெட்டியைப் பிரித்துப் பலகைகளை அடுத்த கட்டடத்துக்கு வண்டியேற்றிவிடுவார்கள். ஒருமுறை தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு உயரமான கட்டடத்தைக் காட்டி, அங்கே வேலை செய்ததாகச் சொன்னார். அதில் நீ செய்தது எது என்று கேட்டேன். தலையைத் திருப்பி, அது மறையும்வரை பார்த்துவிட்டு, "அதெல்லாம் அப்பவே பிரிச்சாச்சுடா" என்றார்.

ஆயுதபூஜையன்று சைட்டுக்கு லீவு. வழக்கமாக அப்பாவின் சுத்தியலும் ரம்பமும் மூலையில் சந்தனம் குங்குமத்தோடு இருக்கும். பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி மேல் என் புத்தகங்கள் ஒண்டிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் புத்தகங்கள் தங்களுக்கென்று ஒரு மேசையில் இருக்கும் என்று அப்பா தெருவுக்கே சொல்லிவைத்திருந்தார். பூஜை சாயங்காலம். அதற்குள் முடித்தாக வேண்டும். குங்குமம் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. தொட்டால் சாரத்திலிருந்து யாராவது விழுந்துவிடுவார்கள் என்று சென்ட்ரிங்காரர்களுக்குப் பயம்.

அன்று காலையில்தான் அப்பா வேலை செய்வதை முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த அப்பா, சாயங்காலம் கை கால் கழுவிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருகிறவர். இவர் வேறு ஆள். வாய் நிறைய ஆணி. புது வேப்பம்பலகையின் கசந்த வாசனை தெருவெல்லாம் அடித்தது. ஒரு மேசைக்கால் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். மேல்பலகை சமமாக இருக்கிறதா என்று, மாடித் தளத்துக்குப் பார்ப்பதுபோலத் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்தார். ஆணியை வைத்தால் இரண்டு அடி, அடுத்த ஆணி. கண் அங்கே இல்லவே இல்லை. அடுத்த பலகைக்குப் போய்விட்டிருந்தது. காலையில் வெறும் தெருவாக இருந்த இடத்தில் மத்தியானம் ஒரு மேசை நின்றது. இதற்கு முன் உலகத்தில் எங்குமே இல்லாத மேசை. அப்பா ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தெருப் பிள்ளைகளையெல்லாம் அதன் மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். அது அசையவில்லை.

பிறகு ஆயுதங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். அம்மா மேசை மேல் விரிக்க ஒரு வேட்டியைக் கொண்டுவந்தாள். வேட்டி மாட்டிக்கொண்டது.

"இன்னாயா இது, ஆணியெல்லாம் மேல நிக்குது?"

அப்பா உள்ளங்கையை வைத்துத் தடவினார். சென்ட்ரிங்கில் ஆணியை முழுக்க அடிக்க மாட்டார்கள். பிரிக்கும்போது சுத்தியலின் பிளந்த வாலில் அகப்படத் தலையைக் கொஞ்சம் வெளியே விட்டுவிடுவார்கள். அவருக்குத் தெரியாமலே கை அப்படி அடித்திருந்தது. அவர் முகம் சிறுத்துப்போயிற்று. சட்டென்று சுத்தியல் பக்கம் திரும்பினார். அது குங்குமத்தோடு இருந்தது.

அம்மா அன்று நினைத்திருந்தால் எவ்வளவோ பேசியிருக்கலாம். ரோஜாப்பூ டேபிள் வாசலிலேயேதான் இருந்தது. "காலைல பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துப்போட்டு விரித்தாள். அதன் மேல் புத்தகங்களை வைத்தேன். ஆணித்தலைகளின் மேல்தான் நின்றன, ஆனாலும் துளிகூட ஆடவில்லை. பார்க்காமலே அடித்த அத்தனை ஆணியும் ஒரே உயரம்.

பொரி வாங்கிக்கொள்ள வந்த மாமா, அம்மாவின் அண்ணன், அப்பாவோடு அதே வேலை செய்பவர். வேட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், கான்கிரீட் எப்போ ஊத்தற? பிரிக்கறப்போ சொல்லியனுப்பு, நானும் வரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் கையிலிருந்த பொரி அப்படியே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் சத்தமாகப் படித்தேன். அப்பா சுத்தியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசையின் மேல் குனிந்தார். நேற்றைய வேகம் இல்லை. ஒவ்வொரு ஆணியையும் பார்த்து, தலை மரத்துக்குள் அமிழும்வரை அடித்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கடைசி ஆணி இறங்கியதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இனிமே இத பிரிக்க முடியாது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். கையை மேல்பலகையிலிருந்து எடுக்கவேயில்லை.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. எதையும் பிரித்துத்தான் அவருக்குப் பழக்கம். இதை மட்டும் பிரிக்க முடியாமல் செய்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"பரவால்லப்பா, அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, டீச்சர் வீட்டு ரோஜாப்பூ ஸ்டூலைக் காலால் மேசைப் பக்கம் தள்ளினாள். அதைப் பழசு என்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தேற்றிவிட்ட திருப்தியோடு அதில் ஏறி உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.