பசிக்காத யூசர்கள்

இன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். நாங்கள் செய்துகொடுத்த ஆப்பில் கணக்குத் திறந்தால்தான் அங்கே கேன்டீனில் மதியச் சாப்பாடு; கணக்குக்கு ஒரு சாப்பாடு, கணக்குகளுக்கும் ஒரு வரம்பு உண்டு.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி தேசம்மா, போனை என்னிடம் நீட்டினார். "காலையிலேர்ந்து போட்டுக்கினே கீறேன் சார். எடம் இல்லன்னே வருது."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இருந்த இடங்கள் எல்லாவற்றிலும் 'டெஸ்ட் யூசர்', 'டெஸ்ட் யூசர்' என்றே பெயர்கள். கணக்கு ஒழுங்காகத் திறக்கிறதா என்று சோதிக்க நாங்கள் எழுதிய புரோகிராம் நேற்று தானாகவே உருவாக்கியவை. சோதனை முடிந்ததும் யாரும் அழிக்கவில்லை.

எங்கள் மேனேஜருக்குப் போன் செய்து, அழித்துவிடவா என்று கேட்டேன்.

"இப்ப அழிச்சிடாதீங்க. மதியம் டெமோ. இவ்ளோ யூசர் சேந்துட்டாங்கன்னு கிளையன்ட்கிட்ட சொல்லிட்டேன்."

தேசம்மா திரையை எட்டிப் பார்த்தார். "இவங்கல்லாம் எந்த ஷிப்ட்டு சார்? ஒருத்தரக்கூட நான் பாத்ததில்லியே."

லேப்டாப்பை மூடினேன். அவர் வெளியே கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

பிறக்கவே பிறக்காதவர்கள் பெயரில் அத்தனை சாப்பாடும் பதிவாகியிருந்தது. டெமோவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

உங்கள் கம்பெனி ஆப்பிலும் இப்படிப் பசியே எடுக்காத யூசர்கள் இருக்கிறார்களா?